அத்தை எழுதிய கையொப்பம்

அந்த வரியை அழித்தது மாமா இல்லை, நான். இதை அத்தையிடம் சொல்லாமலே இத்தனை காலத்தைக் கடத்திவிட்டேன். எனக்கே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது.

இணையம் எங்கள் பக்கம் புதிதாக வந்திருந்த காலம். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அனுப்பர்பாளையத்தில் பனியன் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி டிசைன் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். வேலை போக மிச்ச நேரமெல்லாம், தமிழர்கள் கூடிப் பேசும் ஓர் இணையக் களத்தில் கிடப்பார். கனடாவிலும் மலேசியாவிலும் இருப்பவர்கள் ரசத்தைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் அங்கே அடித்துக்கொள்வார்கள். மாமாவும் இங்கிருந்தே ஒரு கை பார்ப்பார். அவர் என்ன எழுதினாலும் அதன் அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே ஒரு வரி தானாக வந்து நிற்கும்:

“எதுவா இருந்தாலும் சாப்பிட்டுட்டுப் பேசலாமுங்க.”

அது மாமாவின் மனைவியான அத்தையின் வாக்கு. விருந்தாளியிடமும் சொல்வார், சண்டைக்கு வந்தவரிடமும் சொல்வார். கல்யாணமான புதிதில் ஒருநாள் கடைக்கு வந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டி, ‘கையொப்பம்’ என்ற பெட்டிக்குள் தானே அதைப் போட்டுவைத்தாராம். களத்தில் மாமாவுக்குச் ‘சாப்பாட்டு அண்ணா’ என்றே பேராகிவிட்டது.

அந்த அத்தைதான் கோபித்துக்கொண்டு தாராபுரத்தில் தாய்வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். போட்டுவைத்த சோறு தினமும் ஆறிப்போகும்வரை மாமா களத்தைவிட்டு எழுந்து வராததுதான் காரணம் என்று அம்மா சொன்னார். சோற்றுக்காகவா ஒருவர் வீட்டை விட்டுப் போவார் என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. மாதங்கள் போயும் அங்கிருந்து ஒரு போன் இல்லை. உறவைத் தீர்த்துவிட்டால் என்ன என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

முழுப்பரீட்சை லீவில் நான் மாமாவின் கடையிலேயே கிடந்தேன். ஒரு மத்தியானம் அவர் சாம்பிள் காட்ட ஒரு கம்பெனிக்குப் போயிருந்தார். களம் திறந்தபடியே இருந்தது. வாடிக் கிடக்கும் மாமாவுக்குக் கொஞ்சம் வீரமாக ஏதாவது இருக்கட்டும் என்று அத்தையின் வரியை அழித்தேன். பள்ளிக்கூடத்தில் நானே உண்டாக்கிச் சொல்லித் திரிந்த வசனத்தை அங்கே போட்டேன்: “நான் வந்தா புயல், நின்னா மலை.”

இனிமேல் எழுதுகிறவற்றில்தான் அது வரும் என்று நினைத்திருந்தேன். முந்தைய நாள் பதிவைத் திறந்தால் அங்கேயும் என் வரி. போன வருஷத்துப் பதிவில், கல்யாணத்துக்கு வாழ்த்தியவர்களுக்கு மாமா நன்றி சொன்ன பதிவில், எங்கு போனாலும் புயலும் மலையும். கடையில் உட்கார்ந்துகொண்டு ஒரு லேபிளை மாற்ற, எப்போதோ கப்பலேறிப் போன பனியன்களிலெல்லாம் லேபிள் மாறிவிட்ட மாதிரி. கை மயிர் சிலிர்த்தது. முடிந்துபோன நாட்களுக்குள்ளேயே கைவிட்டு எழுதிவிட்டேன் என்று தோன்றியது. அந்தப் பிரமிப்பில், திரும்ப மாற்றவேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. மாமாவும் அவசர ஆர்டர் ஒன்றில் மாட்டிக்கொண்டு களத்தின் பக்கம் போகவில்லை.

இரண்டொரு நாளில் அத்தையிடமிருந்து போன் வந்தது. மாமாவின் போனில் பேசுவது பக்கத்துக் கடைக்கே கேட்கும்.

“ஏனுங்க, கல்யாணப் பதிவுல இருந்துமா அழிப்பீங்க? ஒவ்வொரு பக்கமா உக்காந்து அழிச்சிருக்கீங்க. அத்தன வெறுப்புங்களா எம்மேல?”

“எத அம்மிணி?”

“ஒண்ணுந் தெரியாதவராட்டப் பேசாதீங்க. புயலாமா, மலையாமா. நேரத்துக்குச் சோறு திங்க வரத் தெரியாத புயலு.”

மாமா களத்தைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பையன் செய்த வேலை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“ஆமாங் கண்ணு. நாந்தான் அழிச்சுப்போட்டேன்.”

மாமா கீபோர்டைத் தள்ளிவைத்தார்.

“இப்பத் திருப்பி எழுதறதுக்கு எனக்குக் கை வரமாட்டீங்குது. நீ எழுதுனது அது. நீயே வந்து எழுதிக் குடுத்துட்டுப் போயிரு.”

“சொல்றனுங்க, அடிச்சுக்குங்க.”

“அதெல்லாம் செரியா வராது.”

மறுநாள் தாராபுரம் பஸ்ஸில் அத்தை வந்து இறங்கினார். மாமா தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றார். அத்தை பழையபடி எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டினார். பக்கம் பக்கமாகத் திறந்து, எல்லா இடத்திலும் வரி திரும்பிவிட்டதா என்று பார்த்தார்.

“வந்த வேலை ஆச்சு. கெளம்பறனுங்க.”

மாமா மேசைக்கு அடியிலிருந்து டிபன் கேரியரை எடுத்தார். அவரே செய்த அரிசிம்பருப்பு சாதம். திறந்ததும் அடிப்பிடித்த வாசம் கடை முழுக்கப் பரவியது.

“எதுவா இருந்தாலும் சாப்பிட்டுட்டுப் பேசலாம் அம்மிணி.”

அன்று சாயங்காலம் அத்தை தாராபுரம் பஸ் ஏறவில்லை.

இன்றைக்கும் மாமா சாப்பிட வர நேரமானால், சொந்தக்காரர்கள் முன்னாலேயே அத்தை சொல்வார்: “ஒருக்கா அழிச்ச மனுசந்தானுங்களே நீங்க.” மாமா குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவார். ஒவ்வொரு தடவையும் உண்மை என் நாக்கு நுனி வரை வரும். மாமா ஓரக்கண்ணால் என்னை ஒரு பார்வை பார்ப்பார், விழுங்கிவிடுவேன். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அடி விழாமல் என்னைக் காப்பாற்றத்தான் அவர் பழியை ஏற்றுக்கொண்டார் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அது மட்டுமில்லை. தாராபுரத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போய்க் கல்யாணப் பதிவு வரைக்கும் தேடிப் படித்த அத்தை, கூப்பிட்டால் வருவார் என்று மாமாவுக்கு அந்தப் போனிலேயே தெரிந்திருக்கிறது. எனக்கு அன்று தெரிந்ததெல்லாம், நான் எழுதிய வரி தாராபுரம் வரைக்கும் போய்விட்டது என்பதுதான்.