எஸ்டேட் மீன்

நடுவட்டம் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் காவலாளியை ஒரே ஒரு முறைதான் சந்தித்தேன். அதுவே அதிகம். இரண்டு பேர் நுழையக்கூடிய காக்கி கோட்டு. ஐந்து பொத்தான்களில் இரண்டுதான் மிச்சம். ஒவ்வொரு முறை வாயைத் திறப்பதற்கு முன்பும் வேலியில் தொங்கிய 'தனியார் நிலம்' பலகையைத் துண்டால் துடைத்தார். மொத்தம் ஏழு முறை.

எஸ்டேட் சதுப்பிலிருந்து இறங்கும் ஓடை, கம்பி வேலிக்கு அடியில் நுழைந்து சாலையோரத்தில் குட்டையாகத் தேங்கும். சாலையோரம் பொது இடம். முப்பத்தொரு வருடமாக அங்கே தூண்டில் போடுகிறேன். அன்று என் வாளியில் ஐந்து மீன்கள்.

"ஏனுங்க, இது எஸ்டேட் மீனுங்க. மேல சதுப்புலதான் குஞ்சு பொரிக்குது. இனி இங்க யாரும் புடிக்கக் கூடாதுங்க."

"அப்ப மழை யார் ஊட்டுல பெஞ்சுதுங்க?" என்றேன்.

பலகையைத் துடைத்தார். "அதைத் தொரையத்தான் கேக்கோணுங்க."

வாளியைப் பிடுங்கி, மீன்களை வேலிக்கு அந்தப் பக்கம் ஓடையில் கொட்டினார். தண்ணீரோடு சேர்ந்து கம்பிக்கு அடியில் நான்கு மீன்கள் குட்டைக்கே திரும்பி வந்தன. நான் எண்ணினேன். அவரும் எண்ணினார்.

"ஒண்ணு நம்ம பக்கம் நின்னுருச்சு பாருங்க!" முகமெல்லாம் சிரிப்பு.

நம்ம பக்கமாம்! அந்த எஸ்டேட்டில் ஒரு தேயிலைச் செடிகூட அவருடையதில்லை.

மறுபடியும் தூண்டிலைப் போட்டேன். அவர் தடுக்கவில்லை. வேலியோரம் குனிந்து, அந்த ஒரு மீனைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.