மாப்பிள்ளை போட்ட ஆன்டிவைரஸ்

கட்டட வேலை செய்பவர்கள் அவளைப் 'பிளான் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். "இந்தத் தூணை நாலு விரல் தள்ளிக்கலாமா அக்கா?" என்று கேட்ட மேஸ்திரியிடம், "முதல்ல உங்க மூக்கை நாலு விரல் தள்ளி வச்சுப் பாக்கலாம். நல்லா இருந்தா தூணைத் தள்ளுவோம்" என்று சொன்னவள். வாய் அப்படி. ஆனால் அவள் வரைந்த வீட்டில் கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்காது, மாடிப்படி ஏறும்போது தலை உத்தரத்தில் முட்டாது. அதனால் வாயைப் பொறுத்துக்கொண்டு வேலையைக் கொடுத்தார்கள்.

தனியாக அலுவலகம் என்று எதுவும் கிடையாது. படுக்கையறையில் துணி அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு மேஜை, அதன் மேல் கணினி. மழை பெய்தால் ஜன்னல் சாரல் படாமல் இருக்கப் பழைய போர்வையை எடுத்து அதை மூடுவாள். பிள்ளையைக் கூட அப்படிப் போர்த்தியதில்லை என்று கணவர் சொல்லிக் காட்டுவார்.

அந்தக் கணினியைத் தேடி வாங்கிப் பூட்டிக் கொடுத்தவர் கணவருடைய தங்கையின் வீட்டுக்காரர். கடைத்தெருவில் கணினி விற்பனையும் பழுது பார்ப்பதுமாகக் கடை வைத்திருந்தார். வீட்டில் அவரை எல்லோரும் மாப்பிள்ளை என்றார்கள். பிளான் அக்கா மட்டும் முறைப்படி 'அண்ணா' என்று கூப்பிடுவாள், அவர் அவளைத் 'தங்கச்சி' என்பார். மாப்பிள்ளை மனம் கோணக் கூடாது என்பது மாமியார் போட்ட சட்டம். கணவர் பேருந்து ஓட்டுநர். சாலையில் லாரிக்குக் கூட வழி விடாத மனிதர், மாப்பிள்ளை எதிரே வந்தால் மட்டும் ஓரம் கட்டிவிடுவார்.

வருடம் ஒருமுறை மாப்பிள்ளை ஒரு பென்டிரைவோடு வந்து ஆன்டிவைரஸைப் புதுப்பித்துவிட்டுப் போவார். அவளுடைய நாற்காலியில் உட்காருவார், தன் உயரத்துக்கு அதை இறக்குவார், போகும்போது அப்படியே விட்டுவிடுவார். அவளுக்கு அது மட்டுமே போதும், ஒரு வாரம் புகைந்துகொண்டிருக்க.

அந்த வருடம் அவர் வந்தபோது அவள் கேட்டுவிட்டாள். "அண்ணா, ஆன்டிவைரஸ் நானே பாத்து ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லதுன்னு படிச்சுக்கிட்டு இருக்கேன்."

மாப்பிள்ளை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தங்கச்சி, நீ கோடு போடு. கம்ப்யூட்டரை நான் பாத்துக்கறேன்."

"இல்ல, இப்ப ஏதோ ஒண்ணை அணைச்சீங்களே, அது என்ன?"

"அதுவா? மெஷினோட கூடவே வர்ற ஓசி காவல்காரன். ஒரு வாசல்ல ரெண்டு காவல்காரன் நின்னா அவங்களுக்குள்ளயே அடிச்சுக்குவாங்க. அதான் அவனை வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

அடுப்படியிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "வீட்டு மாப்பிள்ளையே டாக்டரா இருக்கும்போது வெளி டாக்டரை யாராவது தேடுவாங்களா?"

"டாக்டர் என்ன மருந்து குடுக்கறாருன்னு கேட்டேன், அத்தை. அது தப்பா?"

மாப்பிள்ளை சிரித்தார், ஆனால் கொடுத்த காபியைக் குடிக்காமல் எழுந்து போனார். அன்று மாலை கணவர் அவளோடு பேசவில்லை. வருடத்துக்கு ஒரு நாள் வருகிற மனிதரிடம் வாயை அடக்க முடியாதா என்று மாமியார் சுவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவளும் சுவரிடமே பதில் சொன்னாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் கணினியைத் திறந்தாள். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவருக்கு வீட்டு வரைபடம் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கோப்பு திறக்கவில்லை. பக்கத்தில் இருந்ததைத் திறந்தாள், அதுவும் இல்லை. எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் ஏதோ வாலைப் போலப் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. இத்தனை வருடங்களில் அவள் வரைந்த வீடுகள், ஒன்று விடாமல் பூட்டப்பட்டுவிட்டன. சாவி வேண்டுமென்றால் பணம் கட்டு என்று திரையில் ஒரு மிரட்டல் வந்து நின்றது. கீழே ஓட்டை உடைசலான தமிழில், பயப்பட வேண்டாம் என்று வேறு எழுதியிருந்தது.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள்.

"நீ எதையோ கிளிக் பண்ணிருப்பே, தங்கச்சி."

"நேத்து பூரா நான் சைட்ல நின்னேன், அண்ணா. இதைத் தொடவே இல்ல."

"அதுக்கு முந்தின நாள் பண்ணிருப்பே. இதுக்கு மருந்து கிடையாது, மொத்தத்தையும் அழிக்கணும். கடைக்குக் கொண்டு வா."

கணவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "கண்டதையும் திறக்காதேன்னு அவர் சொல்லத்தானே செஞ்சாரு?" என்றார். மாப்பிள்ளை அப்படி எப்போதுமே சொன்னதில்லை. அவள் கணினிப் பெட்டியின் கம்பிகளைப் பிடுங்கி, அதைத் துண்டில் சுற்றி, தானே தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள்.

கடையில் ஏற்கெனவே சத்தம். கோடித் தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர் மேஜையைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார். "ஊரான் வீட்டுக் கல்யாணப் படம்யா அத்தனையும்! இனிமே அவங்களை மறுபடியும் கல்யாணம் பண்ணிக்கச் சொல்லவா?"

மாப்பிள்ளை அமைதியாகச் சொன்னார். "நீங்க எதையோ கிளிக் பண்ணிருப்பீங்க சார்."

பெட்டியோடு வாசலிலேயே நின்றுவிட்டாள் பிளான் அக்கா. "எனக்கும் இதே பாட்டைத்தான் பாடினாரு" என்றாள்.

ஸ்டுடியோக்காரர் திரும்பினார். "உங்களுக்கும் போச்சா? எப்ப வந்து ஆன்டிவைரஸ் போட்டாரு?"

"போன வாரம்."

"எனக்கும் போன வாரம். அதே பென்டிரைவாத்தான் இருக்கும்."

மாப்பிள்ளை முகத்தில் நிறம் மாறியது. கல்லாவில், ரசீது போடும் கணினிக்கு முன்னால், நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். அந்தத் திரையின் மூலையில் அப்போதுதான் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. இந்தக் கணினி பாதுகாப்பாக இருக்கிறது என்றது. அதிலிருந்த நிறுவனத்தின் பெயரைப் பிளான் அக்கா படித்தாள். அவளுக்குப் போட்டுக் கொடுத்தது அது இல்லை. நல்லதென்று அவள் படித்து வைத்திருந்த பட்டியலில் மேலே இருந்தது அது.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கல்லாவின் திரையைப் பிடித்து எல்லோரும் பார்க்கும்படி திருப்பினாள்.

"கடைக் கம்ப்யூட்டரைத் தொடாதீங்க, அண்ணி" என்றாள் நாத்தனார்.

"தொடல. இது என்னன்னு மட்டும் கேக்கறேன். உங்களுக்கு மட்டும் ஏன் அண்ணா வேற?"

"அது கடைக் கணக்கு இருக்கற மெஷின். வியாபாரம், தங்கச்சி. காசு குடுத்து அசலைப் போட்டுத்தான் ஆகணும்."

"அப்ப நான் வீட்டுல உக்காந்து கோலமா போட்டுக்கிட்டு இருக்கேன்?"

"உனக்கு அசல், எனக்குத் திருட்டுக் காப்பி!" என்று ஸ்டுடியோக்காரர் பாய்ந்தார். "விஷத்தைக் கொண்டாந்து நீயே ஊத்திட்டு, நான் எதையோ குடிச்சேன்ங்கற!"

மூலையில் மாட்டிய பூனை பிறாண்டத்தான் செய்யும். மாப்பிள்ளை அவளைப் பார்த்து நிதானமாகக் கேட்டார். "திருட்டுன்னு இப்பதான் தெரியுதா? நீ வருஷக்கணக்கா வரையற சாஃப்ட்வேர் என்ன, உங்கப்பா சீதனமா குடுத்ததா? அதுவும் இந்தக் கடையில காப்பி அடிச்சதுதான். அதுல சம்பாதிக்கும்போது இனிச்சுது, இல்ல?"

அந்த வரைபட மென்பொருள் எப்படி வந்தது என்று அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். கேட்காமல் இருந்தது வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். "அது என் தப்புதான். அதை நான் பாத்துக்கறேன். உங்க தப்பை நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். ஆனால் மாப்பிள்ளை சொன்ன வார்த்தை சுருக்கென்று தைத்ததோடு நிற்கவில்லை, முள்ளாக உள்ளேயே தங்கிவிட்டது.

அவள் வீடு வந்து சேர்வதற்குள் நாத்தனாரின் போன் வந்து சேர்ந்திருந்தது. மாமியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஊரே பாக்க மாப்பிள்ளையை நிக்க வச்சுக் கேள்வி கேட்டியாமே!"

"ஊர் எங்க இருந்துச்சு அத்தை? அங்க இருந்தது ரெண்டே பேர். அதுல ஒருத்தி அவர் பொண்டாட்டி."

வேலை முடிந்து வந்த கணவர், போய் மன்னிப்புக் கேள் என்றார். முடியாது என்றாள்.

"கம்ப்யூட்டர் போனா வேற வாங்கிக்கலாம். தங்கச்சி உறவு போனா வருமா?"

"அவர் என்னையும் தங்கச்சின்னுதான் கூப்பிட்டாரு. இந்தத் தங்கச்சி பொழப்பு போனா பரவாயில்லையா?"

கணவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் 'உப்பு எங்கே', 'தண்ணி வந்துச்சா' என்பதைத் தாண்டிப் பல வாரங்கள் பேச்சு நீளவில்லை.

வெளியிலும் யாரும் அவளைத் தட்டிக் கொடுக்கவில்லை. வேலை நடக்கும் இடங்களுக்குப் போய், சிமென்ட் படிந்து ஓரம் கிழிந்த பழைய பிரதிகளைக் கெஞ்சி வாங்கி வந்து, மறுபடி வரைய வேண்டியிருந்தது. நர்ஸிடம் பிரதி எதுவும் இல்லை. நடந்ததை எல்லாம் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்: "என்ன மருந்துன்னு தெரியாம ஊசி போட்டுக்குவீங்களா நீங்க?" கேட்டுவிட்டு வேறு ஆளிடம் போனார். பிளான் அக்காவால் அவரைத் திட்டவும் முடியவில்லை. ஏறக்குறைய அதே கேள்வியைத்தான் அவள் மாப்பிள்ளையிடம் கேட்டிருந்தாள். ஆனால் கேட்டுவிட்டு, கையை நீட்டித்தானே கொடுத்தாள்?

பக்கத்துப் பேட்டையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, கணினியைத் துடைத்துச் சுத்தமாக்கி வாங்கி வந்தாள். இந்த முறை ஆன்டிவைரஸை அவள் தேர்ந்தெடுத்தாள்.

முதலில் போட்டுப் பார்த்தது, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை சிவப்புப் பெட்டி காட்டி, நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள் என்று அலறியது. என்ன ஆபத்து என்று உள்ளே போய்ப் பார்த்தால், இன்னும் பெரிய பொட்டலத்தை வாங்காததுதான் ஆபத்து. "பயங்காட்டி விக்கறவன் எங்க வீட்டுலயே இருந்தான், போ" என்று அதை நீக்கினாள். இரண்டாவது நல்ல பெயர் வாங்கியதுதான். ஆனால் அவளுடைய பழைய கணினிக்கு அது குருவி தலையில் பனங்காய். ஒரு சுவரை நகர்த்தினால் சுவர் யோசித்து யோசித்து நகர்ந்தது. அதுவும் போயிற்று.

பிறகுதான், பல நிறுவனங்களின் ஆன்டிவைரஸ்களைச் சோதித்துப் பார்ப்பவர்கள் எழுதியதைப் பொறுமையாகப் படித்தாள். மாப்பிள்ளை ஒவ்வொரு வருடமும் வீட்டுக்கு அனுப்பிய 'ஓசி காவல்காரன்', அவள் போன்றவர்களுக்குப் போதுமானவன் என்று பலர் எழுதியிருந்தார்கள். அவனை அணைக்காமல் இருக்க வேண்டும், கணினி கேட்கும் புதுப்பிப்புகளைத் தள்ளிப் போடாமல் இருக்க வேண்டும். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வாசலில் நின்றவனைத் துரத்திவிட்டுத் திருடனுக்கு நாற்காலி போட்டிருக்கிறாள்.

அவனை எழுப்பிவிட்டாள். அவன் செய்த முதல் வேலை, அவள் மறுபடி போட வைத்திருந்த வரைபட மென்பொருளின் திருட்டுக் காப்பியைப் பிடித்து நிறுத்தியது. இது ஆபத்தானது, அனுமதிக்கலாமா என்று கேட்டது திரை. அனுமதி என்று ஒரு தட்டு தட்டினால் நாளைக்கே வேலை ஓடும். மவுஸை மூடியபடி கை அப்படியே இருந்தது. கடையில் கேட்ட வார்த்தை காதில் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த மனிதர் சொன்னது உண்மையாகப் போய்விட்டதே என்ற ஆத்திரத்தில்தான் அதை அழித்தாள். நேர்மையால் அழித்தாள் என்று சொன்னால் அவளே ஒத்துக்கொள்ள மாட்டாள்.

இலவசமாகவே கொடுக்கும் வேறொரு வரைபட மென்பொருளைக் கற்க ஆரம்பித்தாள். கை பழகப் பல மாதங்கள் ஆயின. அதற்குள் சில மேஸ்திரிகள் போய்விட்டார்கள், சிலர் திரும்பி வந்தார்கள். செய்த வேலையைத் தனி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, உடனே அதைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். கணவருக்குக் கணினியில் தனிக் கணக்கு வைத்தாள். அதில் படம் பார்க்கலாம், புதிதாக எதையும் ஏற்ற முடியாது.

"என் வீட்டுலயே எனக்குப் பூட்டா?" என்றார் அவர்.

"உங்களுக்கு இல்ல. உங்களுக்கு யாராவது குடுத்து விடற சாமானுக்கு."

மாப்பிள்ளை கடை மூடவில்லை. ஸ்டுடியோக்காரர் கொஞ்ச நாள் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லித் தீர்த்தார், பிறகு அவரும் ஓய்ந்தார். மாப்பிள்ளை இந்த வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திக்கொண்டார். மாமியாரும் கணவரும் அங்கே போய் வந்தார்கள். வந்த அன்று முகம் தூக்கியிருக்கும், மறுநாள் இறங்கும்.

ஒரு பகலில் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. நலமா என்ற விசாரிப்பு இல்லை, அண்ணி என்ற விளிப்பும் இல்லை.

"எங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்குத்தான். பொண்ணு பரீட்சைக்குப் படிக்கறது எல்லாம் அதுலதான் இருக்கு. நீங்க என்ன ஆன்டிவைரஸ் வச்சிருக்கீங்க?"

"உன் வீட்டுக்காரர்கிட்ட கேக்க வேண்டியதுதானே?"

"கேக்கற மாதிரி இருந்தா உங்களுக்கு எதுக்கு போன் பண்றேன்?"

பிளான் அக்காவின் நாக்கு நுனியில் நாலைந்து பதில்கள் வரிசையில் நின்றன. எல்லாம் கூரானவை. ஒன்றையும் வெளியே விடவில்லை. எதை எழுப்ப வேண்டும், எதை அணைக்கவே கூடாது, நகலை எங்கே வைக்க வேண்டும் என்று சுருக்கமாகச் சொன்னாள். அந்தப் பக்கம் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"நான் கேட்டேன்னு யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்" என்றாள் நாத்தனார்.

"சொல்ல மாட்டேன். உன் மேல பாசத்துல இல்ல. அந்தப் பொண்ணு படிக்கணும்."

"சரி" என்றது குரல். போன் அணைந்தது. பிளான் அக்கா திரும்பித் திரையைப் பார்த்தாள். யாரோ ஒருவருடைய வீட்டுக்குச் சமையலறை ஜன்னல் இன்னும் வைக்காமல் கிடந்தது. காற்று எந்தப் பக்கம் வரும் என்று யோசித்து, அதை வைக்க ஆரம்பித்தாள்.