வரிசையில்லாத குதிரை

ஐம்பத்தாறு வயதில் இறுக்கமான வெள்ளைக் கால்சட்டையோடு தன் சமையலறையில் வந்து நின்ற தபோதரனைப் பார்த்து முதலில் சிரித்தவர் அவருடைய மனைவியின் தமையன் நித்தியானந்தன்.

"என்ன மச்சான், ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு இன்னும் மூண்டு மாசம் கிடக்கு. இப்பவே வெள்ளையோ?"

"தேருக்கில்லை. குதிரைக்கு."

"குதிரையோ! பிரபா, உன்ரை மனுசன் குதிரை வாங்கப் போறாராம்."

பிரபாலினி அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "வாங்கேல்லை அண்ணா. விக்க விடாமல் நிக்கிறார். அதுதான் வீட்டிலை பிரச்சினை."

அவள் சொன்னது சரி. ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் தபோதரன் உறுப்பினராக இருக்கும் உடற்பயிற்சிக் கழகத்தில் ஒரு குதிரை உண்டு. உயிருள்ளது அல்ல. தோல் போர்த்திய நீண்ட உடல், நாலு இரும்புக் கால், முதுகில் இரண்டு மரப்பிடி. ஆண்கள் அந்தப் பிடிகளில் கையூன்றி, கால்கள் எதிலும் தட்டாமல் உடம்பைச் சுற்றிச் சுழற்றுவார்கள். ஆண்களுக்கான ஆறு கருவிகளில் மிகவும் கல்நெஞ்சம் கொண்டது இதுதான். வளையத்தில் தொங்கலாம், சட்டத்தில் ஆடலாம். குதிரையில் ஒரு கணம் பிசகினால் நிலத்தில் இருப்பீர்கள்.

"உந்தக் கிளப்பின்ரை கதை எனக்குச் சொல்லாதை," என்றார் நித்தியானந்தன். "என்ரை பெடியள் ரெண்டும் பயிற்சியை விட்டுப் பன்ரண்டு வருசம். இன்னும் என்ரை கணக்கிலை குடும்பச் சந்தா வெட்டுறாங்கள். விலகிறன் எண்டு ஒரு கடிதம் எழுத வேணும், எழுத வேணும் எண்டு மறந்து போறன்."

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு மீன்குழம்புக்குப் போய்விட்டது.

தபோதரன் ஜேர்மனிக்கு வந்தது 1989 நவம்பரில், இருபது வயதில். அகதிகள் விடுதிக்குப் பக்கத்தில் இந்தக் கழகத்தின் மண்டபம் இருந்தது. அவர் உள்ளே போனது விளையாட்டு ஆசையால் அல்ல, அங்கே வெப்பமூட்டி வேலை செய்ததால். சமாந்தரச் சட்டத்தின் முன்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். உயரச் சட்டத்தின் முன்னாலும் வரிசை. அரைகுறை மொழியோடு வரிசையில் நிற்பதற்கு அவருக்கு அலுப்பாக இருந்தது, ஏனென்றால் பகல் முழுவதும் அலுவலகங்களில் அதையேதான் செய்துகொண்டிருந்தார். குதிரைக்கு மட்டும் வரிசையில்லை. அதில் ஏறினார், விழுந்தார், மீண்டும் ஏறினார். மூன்றாம் குளிர்காலத்தில் முழுச் சுற்று ஒன்று வந்தது. பிறகு நகரப் பேருந்துச் சாரதியானார், கல்யாணம் செய்தார், பிள்ளைகள் பிறந்தார்கள், குதிரையை விடவில்லை. நாற்பத்துநாலு வயதில் தோள் வலி வந்தபோதுதான் விட்டார்.

மண்டபத்தின் நடைபாதையில் ஒரு படம் தொங்குகிறது. தாடி வைத்த இளைஞன். கீழே பெயரும் இரண்டு வரியும்: 1849 மே மாதக் கிளர்ச்சி தோற்றபின் நாட்டைவிட்டுத் தப்பி, அமெரிக்கா சேர்ந்து, சின்சினாட்டிக் கழகத்தில் பயிற்சி கொடுத்தவர். மொழி ஓரளவு பிடிபட்ட பிறகு அந்த வரிகளை வாசித்த தபோதரன் அப்படியே நின்றுவிட்டார். எங்களைப் போல ஒருவன்! அன்றிலிருந்து அந்தத் தாடிக்காரனின் வழியில் வந்தவர்களை அவர் விடாமல் பின்தொடர்ந்தார்.

அமெரிக்க ஆண்கள் அணியின் வரலாறு, பார்க்கப்போனால், ஜேர்மனியிலிருந்து ஓடிப்போனவர்களின் கழகங்களில்தான் தொடங்குகிறது. 1904இல் சென் லூயிஸ் ஒலிம்பிக்கில் போட்டியிட்டவர்களில் பெரும்பாலானோர் அந்தக் கழகங்களின் ஆட்கள். அவர்களில் ஒருவர் கீல் நகரப் பக்கத்தில் பிறந்த ஜோர்ஜ் ஐசர். இடது கால் மரக்கால். ஆறு பதக்கம், அவற்றில் மூன்று தங்கம். 1984இல் லொஸ் ஏஞ்சலிசில் அணித் தங்கம். சோவியத் அணி வராத ஆண்டு அது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். 2004இல் வெள்ளி, 2008இல் வெண்கலம். பிறகு வறட்சி. 2012இல் லண்டனில் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தவர்கள், இறுதியில் குதிரையில் சறுக்கி ஐந்தாவதாக வந்தார்கள். குதிரைதான் அவர்களுடைய நெடுநாள் வியாதி. ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த உலகப் போட்டிகளுக்கு, 2007இலும் 2019இலும், தபோதரன் நேரிலேயே போனார். இரண்டு முறையும் அமெரிக்கர்கள் நாலாமிடம். 2007இல் மூன்றாமிடம் ஜேர்மனிக்கு. மண்டபம் முழுக்க எழுந்து கூத்தாடியபோது, இவர் மட்டும் தலை குனிந்து போன நாலாமிடத்துக்காரருக்குக் கை தட்டினார். முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

2024இல் பாரிசில் அவர்களுக்கு மீண்டும் வெண்கலம் கிடைத்தது. அணியின் கடைசி ஆளாக ஏறியவர் அன்று மாலை முழுவதும் காத்திருந்து ஒரேயொரு கருவியில் மட்டும் ஆடினார். அது குதிரை. அந்த இரவு தபோதரன் வீட்டில் போட்ட சத்தத்துக்கு மேல்மாடிக்காரர் கீழே இறங்கி வந்தார்.

அதே ஆண்டு கடைசியில்தான் கழகத் தலைவர் புறொக்மன் அவரை மண்டபத்துக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் அல்ல. பணிந்த குரலில் பேசுகிறவர்.

"தாபோ, குதிரையை விற்கப்போகிறோம். ஆண்கள் பிரிவையும் மூடுகிறோம். அந்த நேரத்தைத் துள்ளுமெத்தைக்குக் கொடுக்கலாம், பிள்ளைகள் வருவார்கள்."

"என் வயதுக்காரர் ஐந்து பேர் இன்னும் பயிற்சிக்கு வருகிறார்களே."

"ஐந்து கருவிக்கு. குதிரைக்கு யார்? முழு அணி இல்லாமல் என்ன பிரிவு?" பிறகு தோளில் கைவைத்துச் சொன்னார்: "நீங்கள் ஏன் கவலைப்படுகிறீர்கள்? இது எங்கள் பழைய ஜேர்மன் வழக்கம். நாங்களே விட்டுவிட்டோம். உங்களுடையது இல்லையே."

தோளில் இருந்த கையை தபோதரன் மெல்ல எடுத்துவிட்டார்.

"குதிரைக்கு நான்," என்றார்.

"உங்களுக்கு வயது..."

"மார்ச்சில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் அணிப் போட்டி இருக்கிறது. முழு அணி வரும்."

"முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் நான் வாயே திறக்கமாட்டேன்," என்றார் புறொக்மன். கை குலுக்கினார்கள்.

வெள்ளைக் கால்சட்டையின் கதை இதுதான். மூன்று மாதம் பயிற்சி செய்தார். மணிக்கட்டு வீங்கியது. "தோள் போச்சுதெண்டா பஸ் ஓட ஏலாது, தெரியுமோ?" என்று பிரபாலினி கத்தினாள். கத்திக்கொண்டே தைலமும் பூசினாள். "அந்தாள் உங்கடை இல்லையெண்டு சொன்னா, ஓம் எண்டு போட்டு வாறதுதானே?"

"முப்பத்தைஞ்சு வருசமா எல்லாத்துக்கும் ஓம் எண்டு போட்டுத்தானே வந்தனான்," என்றார் அவர். "இதுக்கு ஏலாது."

போட்டி நாளன்று காரோட்ட நித்தியானந்தன் வந்தார். மச்சானை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு ஆள் தேவை என்பது அவருடைய கணக்கு. பக்கத்து ஊர் மண்டபம். ஆறு அணிகள். அவர்கள் அணிக்குக் கடைசிக் கருவியாகக் குதிரை விழுந்தது. அதுவரை மூன்றாமிடத்தில் நின்றார்கள்.

தபோதரன் உள்ளங்கையில் வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொண்டு ஏறினார். முதற் சுற்று வந்தது, இரண்டாவதும் வந்தது. உடம்பு பழக்கத்தை மறக்கவில்லை என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆச்சரியம்தான் பிழை. நாலாவது சுற்றில் இடுப்புத் தாழ்ந்தது, குதிக்கால் பிடியில் தட்டியது, அடுத்த கணம் மெத்தையில் இருந்தார்.

மேலே இருக்கையில் நித்தியானந்தன், "முடிஞ்சுது. வா பிரபா, கீழை போவம்," என்று எழும்பினார்.

"இருங்கோ அண்ணா. இன்னும் முடியேல்லை."

விழுந்தவன் மீண்டும் ஏற முப்பது செக்கன் உண்டு. விழுந்ததற்கு ஒரு புள்ளி போகும்; ஏறாவிட்டால் எல்லாம் போகும். தபோதரன் கையைப் பார்த்தார், பொடியை மீண்டும் பூசினார், ஏறினார். மிச்சச் சுற்றுகளை வேகமில்லாமல் சுற்றினார், ஆனால் ஒவ்வொன்றையும் முழுதாகச் சுற்றினார். இறங்கும்போது இரண்டு காலும் சேர்ந்து நின்றன. நித்தியானந்தன் எழும்பியபடியே நின்று அதைப் பார்த்தார்; உட்கார மறந்துவிட்டார்.

நாலாமிடம்.

புறொக்மன் வாசலில் வந்து நின்றார். "வருத்தமாக இருக்கிறது, தாபோ. மூன்று என்று பேசினோம்."

"பேசினோம். தோற்றது நான். அதை நான் எங்கேயும் சொல்லுவேன்," என்றார் தபோதரன். "ஆனால் குதிரை உங்களுடையதும் அல்ல, என்னுடையதும் அல்ல. நாங்கள் இரண்டு பேரும் கை குலுக்கி விற்க முடியாது. ஏப்ரலில் உறுப்பினர் கூட்டம் இருக்கிறது. அங்கே வாக்குக்கு விடுங்கள்."

"விடலாம். ஆனால் யார் வருவார்கள்? வழமையாக முப்பது பேர். எல்லோருக்கும் துள்ளுமெத்தை வேண்டும்."

கார் சிறிது தூரம் போயிற்று. பிறகு நித்தியானந்தன் கேட்டார்:

"அதென்ன, வாக்கெண்டு கதைச்சனீங்கள்? ஆருக்கு வாக்கு?"

"உறுப்பினருக்கு."

"ஆர் உறுப்பினர்?"

"சந்தா கட்டுறவை."

பின்னிருக்கையில் பிரபாலினி சிரிக்கத் தொடங்கினாள். "அண்ணா, நீங்களல்லோ பன்ரண்டு வருசமா..."

"பொறு, பொறு." நித்தியானந்தன் காரை ஓரமாக நிறுத்தியேவிட்டார். "அப்ப முருகேசு? அவன்ரை மூண்டு பிள்ளையளும் அங்கைதானே. இராசலிங்கம்? பேரப்பிள்ளை போகுது. எங்கடை ஆக்கள் எத்தினை பேர் அந்தக் கிளப்பிலை?"

வருடா வருடம் எல்லோருக்கும் கூட்ட அழைப்பு வந்திருந்தது. எல்லோரும் அதைக் குப்பையில் போட்டிருந்தார்கள். அது அவங்கடை கூட்டம் என்று நினைத்துத்தான். தபோதரனும் முப்பது வருடத்துக்கு மேலாக ஒருமுறைகூட அந்தக் கூட்டத்துக்குப் போனதில்லை. இதைக் காரில் வைத்து அவர் ஒப்புக்கொண்டபோது, "சரியான ஆள்தான் நீ," என்றார் நித்தியானந்தன்.

அடுத்த நாலு கிழமையும் தொலைபேசிதான். "அங்கை போய் நாங்கள் என்ன செய்யிறது?" என்று இழுத்தார் இராசலிங்கம்.

"கை தூக்கிறது," என்றார் தபோதரன்.

"வெள்ளையள் ஒரு மாதிரிப் பாப்பாங்கள்."

"பாக்கட்டும். நாங்கள் முப்பத்தைஞ்சு வருசமா அவங்களைப் பாத்துக்கொண்டுதானே இருக்கிறம்."

ஏப்ரல் மாதக் கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை. புறொக்மன் சுவரோரம் நின்றவர்களைக் கண்டு இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்தார். முறைப்படி விடயத்தை வாசித்தார். தபோதரன் எழுந்தார்.

"நாங்கள் நாலாவதாக வந்தோம். நான் விழுந்ததால்தான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்." கையால் வாசலைக் காட்டினார். "வெளியே நடைபாதையில் ஒரு படம் இருக்கிறது. அந்த இளைஞன் ஏன் அமெரிக்கா போனான்? சுற்றுலாவா? ஓடினான். அகதியாக. போன இடத்தில் குதிரையில் பயிற்சி கொடுத்தான். அமெரிக்கர்கள் அவனிடம், இது உன் ஊர் வழக்கம், எங்களுடையது இல்லை என்று சொல்லி விரட்டியிருந்தால், அவர்களுக்கு 1904 இல்லை, 1984 இல்லை, பாரிசும் இல்லை. நானும் ஓடி வந்தவன். உங்கள் குதிரையில்தான் ஏறினேன், அதில் வேறு யாரும் ஏறாதபடியால். நீங்கள் விட்டுவிட்டீர்களானால் சரி, விடுங்கள். நாங்கள் விடவில்லை. துள்ளுமெத்தைக்கு வேறு நேரம் பார்க்கலாம். குதிரையை விற்க நான் சம்மதியேன்."

உட்கார்ந்தார். குதிரையை வைத்திருக்கவேண்டும் என்று கைகள் உயர்ந்தன. இராசலிங்கம் பக்கத்தில் பார்த்துவிட்டுக் கொஞ்சம் பிந்தித் தூக்கினார், ஆனால் தூக்கினார். ஜேர்மன்காரரிலும் பதினொரு பேர் தூக்கினார்கள்; அவர்களில் இரண்டு பேர் கிழவர்கள், எழுந்து நின்றே தூக்கினார்கள். குதிரையை விற்பதற்கு முப்பத்திரண்டு, வைத்திருப்பதற்கு நாற்பத்தொன்று. தோற்றவர் முகத்தைச் சுளிக்காமல் எண்ணிக்கையை வாசித்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

"நல்லது," என்றார் புறொக்மன். "ஆனால் ஏறுவதற்கு இனி ஆட்கள் வரவேண்டும்."

அடுத்த திங்கட்கிழமை மாலை மண்டபத்துக்கு நித்தியானந்தன் வந்தார். இஸ்திரி போட்ட காற்சட்டை, தோல் சப்பாத்து. சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார்.

"எந்தப் பக்கத்தாலை ஏறுறது?"

"எந்தப் பக்கத்தாலையும் ஏறுங்கோ. வரிசை இல்லை."

இரண்டு பிடியையும் பிடித்து எம்பினார். ஒரு கணம் கால்கள் அந்தரத்தில் நின்றன. அடுத்த கணம் மெத்தையில் குப்புறக் கிடந்தார்.

"ஐயோ, மச்சான்! போதும்!"

"எழும்புங்கோ," என்றார் தபோதரன். "முப்பது செக்கன் இருக்கு."