போங்ஹீ வாங்கிய மைக்

கொரியாவின் மொக்போ நகரில், மீன்சந்தைக்குப் பின்னால் கிம்ச்சி ஊறுகாயும் கருவாட்டு வதக்கலும் விற்கிற போங்ஹீக்கு, அந்த வருடம் புத்தாண்டு நெருங்க நெருங்க பயம் கூடிக்கொண்டே போனது. பொய் சொல்லத் தெரியாதவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நேற்று வதக்கிய கீரையை இன்று வதக்கியது என்று முகம் மாறாமல் விற்பவள்தான். ஆனால் ஐந்து மாதமாகப் பெற்ற மகளிடமே பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் கிச்சோல் இருபத்தேழு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். நிறுத்தத்தின் பெயரை அவர் கத்தினால் கடைசி சீட்டில் தூங்குகிறவனும் எழுந்து இறங்குவான். அந்த மனுஷனுக்கு நுரையீரல் இறுகிவிட்டது. மூக்கில் குழாய், பக்கத்தில் விடாமல் ஓடும் ஆக்சிஜன் மெஷின்.

கனடாவில் இருக்கும் மகள் சேரோமுக்கு இது தெரியாது. ஏழு மாதக் கர்ப்பம். போன தடவை நாலாம் மாதத்தில் கலைந்துவிட்டது. வயிற்றுப் பிள்ளைக்காரி கெட்ட செய்தியைக் காதால் கேட்கக் கூடாது, நசுங்கிய பழத்தைக்கூடத் தின்னக் கூடாது என்று பார்க்கிறவர்கள் நாங்கள். அவளிடம் போய் அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று எந்தத் தாய் சொல்வாள்? குழாயைக் கழற்றி, மெஷினை நிறுத்தி, வீடியோ அழைப்பில் தூரத்திலிருந்து கையாட்ட வைத்து இத்தனை நாள் ஓட்டினாள். இப்போது அரை நிமிடம் நிறுத்தினாலும் அவர் உதடு நீலமாகிறது.

இந்த நேரம் பார்த்து மகள் சொன்னாள்: "அம்மா, போனை நீயே வச்சுக்கிட்டு நீயே பேசுற. நடுவுல வைக்கிற மாதிரி ஒரு மைக் வாங்கு. புத்தாண்டுக்கு அப்பா வாயால எனக்கு வாழ்த்து வேணும்."

மாட்டேன் என்றால் சந்தேகப்படுவாள். போங்ஹீ கடைக்குப் போனாள்.

கடைக்காரன் தட்டு மாதிரி வட்டமாக ஒன்றை எடுத்து வைத்தான். "இது நாலு பக்கமும் கேக்கும்மா. அடுப்படியில நீங்க அரிசி களையுறதுகூடக் கேக்கும்."

அப்படியானால் மெஷின் சத்தமும் கேட்டுவிடுமே என்று நினைத்தாள். "அவ்வளவெல்லாம் வேண்டாம். கம்மியாக் கேக்கறது இருக்கா?"

"மைக் வாங்க வந்து செவிடாக் குடுங்கன்னு கேக்கற ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்று சிரித்துவிட்டு, வேறொன்றை எடுத்தான். "இது ஒரே சீரா ஓடுற இரைச்சலைத் தின்னுரும். பக்கத்துல ஃபேன் ஓடினாலும் தெரியாது. எல்லாச் சத்தமும் கேக்கணும்னா இந்தப் பொத்தானை அமுக்குங்க."

ஃபேனைப் போடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. அதையே வாங்கிக்கொண்டாள்.

புத்தாண்டுக் காலை. கிச்சோலுக்குப் பட்டுச் சட்டை மாட்டி உட்கார வைத்தாள். பேசி முடிக்கும்வரை குழாயை மட்டும் கழற்றி, உடனே திரும்ப மாட்ட வசதியாக மெஷினைப் பின்னால் ஓடவிட்டாள். திரையில் சேரோம் வந்தாள். முகம் ஊதி, வயிறு நிறைந்து.

"அப்பா, வாழ்த்துங்க."

கிச்சோல் பேசினார். போங்ஹீக்குக் கேட்டது. மகள் காத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா? ஏன் வாயை மட்டும் அசைக்கிறீங்க?"

மறுபடி பேசினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"அம்மா, உன் குரல் வருது. அப்பா குரல்தான் வரலை."

போங்ஹீக்குப் புரிந்துவிட்டது. காற்றும் கரகரப்புமாக ஒரே சீராக வருகிற அந்தக் குரலையும் மைக் இரைச்சல் என்று தின்றுகொண்டிருந்தது. பொத்தானை அமுக்கினால் குரலோடு மெஷினும் கேட்கும். கேட்டு, அங்கே அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அமுக்காவிட்டால், இவர் அவளிடம் பேச இன்னொரு நாள் வருமா?

"விடுங்க, அப்புறம் பேசலாம்" என்றாள் புருஷனிடம்.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். உதடு நீலம் பாரித்துவிட்டது. "சேரோம் அம்மா, எனக்கு அப்புறம்னு ஒண்ணு இல்ல."

அவள் அவர் மூக்கில் குழாயை மாட்டினாள். மகள் பார்க்கப் பார்க்கவே மாட்டினாள். பிறகு பொத்தானை அமுக்கினாள்.

சேரோம் முகம் மாறியது. கை வயிற்றுக்குப் போனது. "அது என்ன சத்தம்?"

"அப்பாவுக்கு மூச்சு குடுக்குற மெஷின்" என்றாள் போங்ஹீ. "அஞ்சு மாசமா."

சேரோம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் இறங்கினாள். பெரியவர்களிடம் வாழ்த்து வாங்கச் செய்யும் புத்தாண்டு வணக்கத்துக்கு நெற்றி தரையில் பட வேண்டும். பெரிய வயிற்றோடு எவ்வளவு முடியுமோ அவ்வளவு குனிந்தாள். குனிந்தவள் எழவில்லை. முதுகு மட்டும்தான் திரையில் தெரிந்தது.

"ஐயோ, எந்திரிடி. வயித்துப் பிள்ளை" என்று போங்ஹீ கத்தினாள். "சேரோம், வலிக்குதா? வாயைத் திறந்து சொல்லுடி."

தரையிலிருந்து குரல் வந்தது.

"நீ பேசாதம்மா. அப்பா பேசட்டும்."