நெஜியாவின் வண்டிக்கு மழைத்தண்ணீர்

நெஜியா வண்டி ஓட்ட ஆரம்பித்தபோது எங்கள் ஊரில் அதிகம் சிரித்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்.

ஒன்பது பேர் உட்காரும் அந்த வாடகை வேனை இருபது வருஷம் ஓட்டியவர் அவள் புருஷன் ஃபர்ஹாத். சர்க்கரை வியாதி கண்ணைக் கெடுத்தது, லைசென்ஸும் போனது. ஒரு மாதம் வீட்டிலிருந்தபடி எல்லோர் மீதும் எரிந்து விழுந்தார். நெஜியா யாரிடமும் மூச்சுவிடாமல் கெபிலி டவுனுக்குப் போய் ஓட்டக் கற்று, லைசென்ஸ் வாங்கி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள். இப்போது ஃபர்ஹாத் அடுப்படியில் கூஸ்கூஸ் வேகவைக்கிறார். நன்றாகவே வேகவைக்கிறார் என்று கேள்வி.

காலையில் அவள் வண்டியில் ஏறுவது எட்டுப் பெண்பிள்ளைகள். பள்ளியிறுதிப் படிப்புக்கு முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கெபிலிக்குத்தான் போக வேண்டும். பஸ்ஸோ வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. என் மகள் ஹயாத்தும் அந்த எட்டில் ஒருத்தி. அது அவளுக்குக் கடைசி வருஷம், ஜூனில் பெரிய பரீட்சை.

அந்த வருஷம் அக்டோபரில் வண்டி நடுவழியில் கொதித்து நின்றது. இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்ப் போய்விட்டதாம். மெக்கானிக் மூல்தி புதிது மாட்டினான். ஜனவரியில் அதுவும் போனது. ஏப்ரலில் அதற்கடுத்ததும் போனது. ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் மணற்காற்றில் ரோட்டோரம் நின்றார்கள். பெண் ஓட்டினால் இப்படித்தான் என்று ஊர் பேசியது. தகப்பன்மார் நாங்கள் காப்பிக்கடையில் கூடி, இன்னொரு தடவை நின்றால் பிள்ளைகளை அதில் ஏற்றுவதில்லை என்று முடிவு கட்டினோம். ஏற்றாவிட்டால் அதில் பாதிப் பேருக்குப் படிப்பு அத்தோடு சரி என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் முடிவு கட்டினோம். அதைப் போய்ச் சொல்ல அனுப்பப்பட்டவன் நான்.

நெஜியா அன்றே மூல்தியின் பட்டறைக்குப் போய், செத்த பம்புகள் மூன்றையும் கேட்டு வாங்கித் தரையில் வரிசையாக வைத்தாளாம். இதை மூல்தியே பிறகு என்னிடம் சொன்னான். மூன்றிலும் தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தின் இதழ்கள் கரையான் அரித்ததுபோல் இருந்தன. உள்ளெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிவு.

எங்கள் ஊரில் எல்லா வண்டி ரேடியேட்டருக்கும் பேரீச்சந்தோட்டத்தில் பூமிக்கடியிலிருந்து சூடாகவே வரும் வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீர்தான். காசில்லை, வேண்டியமட்டும் பிடிக்கலாம். உப்பு ஏறிய தண்ணீர் அது. வாயில் வைக்க முடியாது. குடிக்கவும் தேநீருக்கும் வீட்டுத் தொட்டியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர்தான்.

"டீக்கு ஆகாத தண்ணி இஞ்சினுக்கு மட்டும் எப்படிண்ணே ஆகும்?" என்று அவள் கேட்டாளாம்.

ரேடியேட்டரில் ஊற்றவென்று பாட்டிலில் விற்கும் பச்சைத் திரவத்தையும் அவள் வாங்கி வந்திருந்ததைப் பார்த்துத்தான் மூல்தி குறுக்கே பேசினான்.

"அது பனி பெய்யுற ஊர்க்காரங்களுக்குத் தங்கச்சி. இங்க எங்க பனி பெய்யுது?"

"பனிக்கு மட்டும் இல்ல, துருவுக்கும்தான். பாட்டில்லயே போட்டிருக்கு, படிச்சுப் பாருங்க."

அவன் படித்துப் பார்த்தான். எத்தனையோ வருஷமாகப் பார்த்துவரும் பாட்டிலை அன்றுதான் முதல்முறையாகப் படித்தான்.

பிறகு அவள் பக்கத்திலேயே நின்று வேலை வாங்கினாள். இஞ்சினுக்குள் நல்ல தண்ணீரை விட்டு, வெளியே தெளிவாக வரும்வரை கழுவினார்கள். இடையில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கட் அட்டையைப் பிசிறில்லாமல் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய பம்பைப் பொருத்தினார்கள். போல்ட்டுகளை ஒரே மூச்சில் இறுக்காமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார்கள். பெல்ட்டை அளவாக இழுத்துக் கட்டினார்கள். பிறகு மழைத்தண்ணீரும் பச்சையும் பாதிக்குப் பாதி. அன்று முதல் வெள்ளிக்கிழமை தவறாமல் பெல்ட் ஓடும் சக்கரம் தளர்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பாள், பம்பின் அடியிலுள்ள சின்னத் துளையில் விரல் வைத்து ஒழுகலின் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். காப்பிக்கடையில் நாங்கள் அதற்கு 'டீ குடிக்கிற வண்டி' என்று பேர் வைத்தோம். வைத்தவன் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரல் போனது, மே போனது, வண்டி நிற்கவில்லை. ஆனாலும் பரீட்சையின் முதல் நாள் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மகளை என் பிக்கப் வண்டியிலேயே கொண்டுபோவதென்று முடிவு செய்தேன். முந்தின சாயங்காலம் ரொம்பப் பொறுப்பாக ரேடியேட்டரைக் காலி செய்து, வெந்நீர்க் கிணற்றிலிருந்து புதிதாகப் பிடித்து ஊற்றினேன்.

பதினெட்டாவது கிலோமீட்டரில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனது. வண்டி புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றது. பரீட்சை எட்டு மணிக்கு. அப்போது ஏழேகால். ஹயாத் பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தாள். நான் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனபோது பின்னால் ஹாரன் கேட்டது.

"அண்ணே, கையை எடுங்க. வெந்துடும்," என்றாள் நெஜியா.

அவள் வண்டிக்குள் ஏழு பிள்ளைகள் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஹயாத்தின் இடம் காலியாகவே இருந்தது. மகள் ஏறினாள், வண்டி போய்விட்டது. ரோட்டில் தனியாக நின்று அழுதேன். வெட்கமா சந்தோஷமா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

ஒன்பது மணிக்குத் திரும்பும் வழியில் நெஜியா நிறுத்தினாள். பிள்ளைகள் மணியடிக்கப் பத்து நிமிஷம் முன்பே உள்ளே போய்விட்டார்கள் என்றாள். என் பிக்கப்பின் அடியில் குனிந்து பார்த்து, பம்ப் ஒழுகுகிறது, மாற்றத்தான் வேண்டும் என்றாள். ஊர் போய்ச் சேருகிற அளவுக்குத் தன் கேனிலிருந்து ஊற்றினாள். நான் செய்த கேலி எதையும் சொல்லிக் காட்டவில்லை. அதைச் சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நாளைக்கும் ஹயாத்தக் கூட்டிட்டுப் போவியாம்மா?" என்று கேட்டேன்.

"அவ இடத்த நான் யாருக்கும் குடுக்கலையே. ஆறரைக்கு வாசல்ல நிக்கச் சொல்லுங்க. ஹாரன் அடிச்சிட்டு நிக்க எனக்கு நேரமில்ல."

மறுநாள் ஆறேகாலுக்கே மகளோடு நானும் வாசலில் நின்றேன்.