சன்னல் வழியே போன சீர்

பேருந்தில் போவதற்கென்றே பிறவி எடுத்தவர்கள் உண்டு. என் நண்பன் அழகுபாண்டி அவர்களில் ஒருவன். நாகமலை புதுக்கோட்டையில் வீடு, சிம்மக்கல்லில் ஒரு மொத்த மளிகைக்கடையில் வேலை, வாராவாரம் உசிலம்பட்டிக் கடைகளுக்குப் போய் ஆர்டர் எடுக்க வேண்டும். ஐம்பதை நெருங்கும் அவன் இதுநாள்வரை எந்தப் பேருந்தையும் திட்டியதில்லை. இடமில்லையென்றால், "நிண்டா காத்து நல்லா வரும் மாப்ள" என்பான். கூரை ஒழுகினால் முகம் கழுவிக்கொள்வான்.

நானோ கோச்சடையிலிருந்து பெரியார் நிலையம் போவதற்குள் ஓட்டுநர், நடத்துநர், அரசாங்கம், முன்சீட்டுக்காரரின் தலையெண்ணெய் என எல்லாத் தரப்பின் மீதும் மனதுக்குள் வழக்குத் தொடுத்து, வாதாடி, தண்டனையும் கொடுத்துவிடுபவன்.

என் தங்கை முனீஸ்வரியின் மகள் அஸ்வினிக்குக் காதுகுத்து. உசிலம்பட்டிக்கு அந்தப்பக்கம் குலசாமி கோயிலில், காலையில் நல்ல நேரம். தாய்மாமனான என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். என்னை நம்பி யாரும் எதையும் ஒப்படைக்காத இந்த உலகில் மடியையாவது கேட்கிறார்களே என்று ஒரு மாதமாக நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன். துணைக்கு அழகுபாண்டியையும் சேர்த்துக்கொண்டேன்.

அன்று முகூர்த்த நாள். ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில், உசிலம்பட்டி வழியாகப் போகும் தேனி வண்டி நுழையும்போதே கூட்டமும் கூட ஓடியது. மற்றவர்கள் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தார்கள். துண்டுக்கு யார் மரியாதை தருவார்கள் என்று சிந்தித்த நான், பட்டுப்பாவாடையும் தங்கத்தோடும் இருந்த சீர்ப்பையையே போட்டேன். பை ஏறிவிட்டது. நான் ஏறவில்லை. படியில் ஒரு கல்யாணக் கோஷ்டியே தொங்க, வண்டி கிளம்பிப் போய்விட்டது.

"போச்சு மாப்ள!"

"எங்க போச்சு? உசிலம்பட்டிக்குத்தான போகுது. நாமளும் அங்கிட்டுத்தான போறோம்? சுமை மிச்சம்" என்றான் அழகுபாண்டி.

நான் கை ஓங்குவதற்குள் அவன் அந்த வண்டியின் நடத்துநர் சிவபாண்டிக்கு ஃபோன் போட்டிருந்தான். அந்தத் தடத்தில் அவனுக்குத் தெரியாத நடத்துநர் கிடையாது.

"பை சன்னலோரமா சொகமா உக்காந்திருக்காம். ஒருத்தரும் நகட்டலையாம். ஓம் தங்கச்சி வீட்டுக்காரர உசிலம்பட்டி ஸ்டாண்டுல வந்து வாங்கிக்கிறச் சொல்லு."

எனக்கு ஒருநாளும் வாய்க்காத சன்னலோரம் என் பைக்கு வாய்த்தது.

அடுத்த வண்டியில், சின்னத் தகரப்பெட்டியோடு ஏறிய ஒரு பெரியவரை முழங்கையால் ஓரங்கட்டி ஒரு சீட்டைப் பிடித்தேன். அவர் நின்றுகொண்டே வந்தார். செல்லம்பட்டி தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சர். எல்லோரும் இறங்கினோம். பின்னால் வந்த வண்டிகள் நிரம்பி வழிந்ததால் நிற்காமல் போயின.

தங்கை அழைத்தாள். "அண்ணே, எங்கண்ணே இருக்க? சீரு வந்திருச்சு, ஒன்னயக் காணோம்! ஆசாரி வந்ததும் பெரியப்பா மகன் சோணையண்ணன் மடியில உக்கார வச்சுரலாம்னு பேசுறாக. அவரும் வேட்டிய மடிச்சுக் கட்டி ரெடியா நிக்கிறாரு."

தெரிந்த சாபங்களையெல்லாம் சக்கரத்துக்குக் கொடுத்தேன். சக்கரம் கண்டுகொள்ளவில்லை. அழகுபாண்டி புளியமரத்து நிழலில் ஒவ்வொருவரிடமும் எந்த ஊர், என்ன சோலி என்று விசாரித்துக்கொண்டிருந்தான். பஞ்சர் என்றால் அவனுக்கு இடைவேளை. திடீரென்று கத்தினான்.

"மாப்ள, இங்க வா! நீ இடிச்சுத் தள்ளுனியே, இவருதான் அஸ்வினிக்குக் காது குத்தப்போற ஆசாரி!"

பெரியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்கையைப் பார்த்தார்.

எனக்கு ஞானம் பிறந்தது. வியர்வையில் நனைந்து சக்கரத்தோடு போராடிய ஓட்டுநரிடம் ஓடி, "அவசரமில்லண்ணே, நிதானமா மாட்டுங்க" என்றேன். வண்டி கிளம்பியபோது ஆசாரியைச் சன்னலோரம் உட்கார வைத்து, அவர் எங்கும் இறங்கித் தப்பிவிடாதபடி பக்கத்திலேயே நின்றேன். காற்று நன்றாக வந்தது என்று சொல்ல ஆசைதான். வரவில்லை.

நல்ல நேரத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு கோயிலை அடைந்தோம். அழகுபாண்டி ஆசாரியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். சோணையண்ணன் வேட்டியை இறக்கிவிட்டு ஒதுங்கினார். அஸ்வினி என் மடியில் உட்கார்ந்தாள். சொந்தபந்தம் மொத்தமும் சுற்றி நிற்கிறது, வாய்ப்பை விடலாமா?

"பயணத்துல எது நடந்தாலும் சிரிச்ச மொகத்தோட ஏத்துக்கிறணும்..." என்று ஆரம்பித்தேன். ஆசாரி ஊசியை எடுத்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"அண்ணே, பேசாம இருண்ணே!" என்றாள் முனீஸ்வரி. "பிள்ள அசையாமத்தான் இருக்கா. நீதான் ஆடுற."