தைப்பூசத்துக்குக் கோழி

கோழிப் பண்ணை வைக்கப்போகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொன்ன அன்றே நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் சூப்பர்வைசராக இருந்த மனுஷர், இரண்டு வாரத்தில் மனசு மாறிவிடுவார் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். பெருநிலப் பக்கம் செபராங் ஜெயாவைத் தாண்டி, ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் அரை ஏக்கர் நிலமும் தகரக் கூரை வீடும் பேசி முடித்தாகிவிட்டதாம்.

நான் ஜார்ஜ்டவுன்காரி. பிறந்தது, படித்தது, பல் டாக்டர் கிளினிக்கில் வேலை பார்த்தது எல்லாம் பினாங்குத் தீவுக்குள்ளேதான். எங்கள் ஒன்பதாவது மாடி ஃபிளாட்டில் சன்னலைத் திறந்தால் கடல் தெரியும். கீழே இறங்கினால் லிட்டில் இந்தியா நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை பசாருக்குப் போய் மீன்காரரிடம் விலை பேசினால்தான் அந்த வாரமே எனக்கு ஒழுங்காகப் போகும். இதையெல்லாம் விட்டுவிட்டுக் கோழிப் பீ அள்ள வா என்றால் வயிறு எரியாதா? எரிந்தது.

ஆனாலும் போனேன். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். முதல் பேட்ச் கோழி விற்கிறவரை ஃபிளாட்டை யாருக்கும் வாடகைக்கு விடக் கூடாது. விற்காவிட்டால் மறுபேச்சு இல்லாமல் திரும்பிப் போய்விட வேண்டும். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"தைப்பூசத்துக்குள்ள எல்லாத்தையும் வித்துக் காட்டுறேன் பாரு."

தீபாவளி முடிந்த மறுவாரம் இருநூறு குஞ்சுகள் அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கின. நாட்டுக்கோழி விற்கிற அளவுக்கு வளர மூன்று மாதம் ஆகும். நான் காலண்டரைப் பார்த்தேன். மூன்று மாதம் என்றால் தை மாதம். பினாங்கில் உள்ள தமிழர்களில் பாதிப் பேர் மாலை போட்டு விரதம் இருக்கிற நேரம். மீதிப் பேர் விரதம் இருப்பவர்கள் வீட்டில் இருக்கிற நேரம். இவர் கோழி விற்க நம்பியிருந்ததோ பழைய வேலையிடத்து நண்பர்கள், சொந்தக்காரர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள். அத்தனை பேரும் தமிழர்கள்.

இதில் கூத்து என்னவென்றால், இவரே வருடம் தவறாமல் நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பவர். விரதம் என்றால் தான் கறி தின்னக் கூடாது என்பது தெரியும். மற்றவனும் தின்னமாட்டான், தின்னாதவன் வாங்கவும் மாட்டான் என்பது மட்டும் அந்த மண்டைக்குள் ஏறவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல இருந்துவிட்டேன். ஃபிளாட் சாவி என் கைப்பைக்குள்தான் இருந்தது. அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

தை பிறந்தது. கோழிகள் தளதளவென்று வளர்ந்து நின்றன. இவர் தாடியும் மஞ்சள் வேட்டியுமாக வாசலில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி "தைப்பூசம் முடியட்டும்ணே" என்றார்கள். ஒருவர், மாலை போட்டிருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று கோபித்துக்கொண்டு போனையே வைத்துவிட்டார். அந்த வருட விரதத்தின் புண்ணியம் முழுக்க எங்கள் கோழிகளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. நன்றாகத் தின்றன, இன்னும் கொழுத்தன.

அன்றைக்குக் கடைசி போனையும் வைத்துவிட்டு அவர் தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டார். பிறகு என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, உனக்கும் தோணலையா?"

இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு இல்லை என்றேன். அவர் நம்பிவிட்டார். சந்தேகப்பட்டு ஒரு பார்வையாவது பார்த்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு பலகையில் நாட்டுக்கோழி என்பதை மலாயில் 'ஆயாம் கம்போங்' என்றும், கீழே தன் போன் நம்பரையும் எழுதி, மெயின் ரோட்டு முனையில் கட்டிவிட்டு வந்தார்.

தைப்பூசத்தன்று விடிவதற்கு முன்னால் கோழிகளுக்குத் தீவனம் வைத்து, தண்ணீர் மாற்றிவிட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்பினார். எனக்கு முழங்கால் வலி. மலைப்படி ஏற முடியாது. அவர் பால்குடத்தைத் தலையில் வைத்து ஏறிப்போனதும், கீழே ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கிக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்று சாயங்காலத்தோடு கெடு முடிகிறது, அடுத்த வாரம் இந்நேரம் என் சன்னலில் நிற்பேன் என்று நினைத்தபோது மோர் இன்னும் ருசியாக இருந்தது.

அப்போது என் பைக்குள் இருந்த அவருடைய போன் அடித்தது. பேசியவர் ஒரு சீன வியாபாரி. பலகையைப் பார்த்தாராம். சீனப் பெருநாள் நெருங்குகிறது, படையலுக்குப் பெரிய நாட்டுக்கோழி வேண்டும், சின்னது வேண்டாம், எத்தனை இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்று மலாயில் சொன்னார்.

'ஹாபிஸ்' என்று ஒரே ஒரு வார்த்தை, தீர்ந்துவிட்டது என்று சொன்னால் போதும். என் வீட்டுக்காரர் மலைமேல் இருக்கிறார். யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தேன். விடியற்காலை அந்த மனுஷர் மஞ்சள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி கழுவியது ஞாபகம் வந்து தொலைத்தது. என்ன விலை என்று வியாபாரி கேட்டார். அவ்வளவுதான், என் நாக்குக்குப் பசார் ஞாபகம் வந்துவிட்டது. இவர் நினைத்து வைத்திருந்த விலைக்கு மேல் கிலோவுக்கு இரண்டு வெள்ளி கூட்டிச் சொன்னேன். பேரம் பேசி, ஒன்றரை வெள்ளி கூடுதலில் முடித்தேன். நாளைக்கே லோரி அனுப்புவதாகச் சொல்லி, முன்பணத்தை அப்போதே போட்டுவிட்டார். போனை வைத்த பிறகுதான், என் ஃபிளாட்டை நானே விற்றுத் தின்றுவிட்டேன் என்று உறைத்தது.

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அவர் இறங்கி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். பிறகு ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து, உன்னால்தான் பண்ணை பிழைத்தது என்றார். அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குஞ்சு வந்த அன்றே தெரியும், வேண்டுமென்றேதான் சொல்லவில்லை, தோற்றுப்போய்த் திரும்பி வரட்டும் என்று காத்திருந்தேன் என்றேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அதற்குப் பதில் சொல்ல மூன்று மாதமாகத் தயாராக இருந்தேன். வேலையை விட்டது யாரைக் கேட்டு, நிலம் பேசியது யாரைக் கேட்டு என்று வரிசையாக வைத்திருந்தேன். அவர் கோபப்படவில்லை.

"அங்க இருக்கிறது உனக்கு அவ்வளோ கஷ்டமா இருந்துச்சா?" என்றார். "நான் ஒரு தடவகூட கேக்கலையே."

அந்த ரோட்டோரத்தில், அத்தனை காவடிக்கும் மேளத்துக்கும் நடுவில், நான் ஓவென்று அழுதேன். பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா எனக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்து ஓடிவந்து, "வேல் வேல்" என்று சொல்லி நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டார்.